கட்டைவிரல் அளவுள்ள மூளைத்தண்டு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பக்கவாதம் குறித்து எழுதியபோது, மூளைத்தண்டில் வரும் பக்கவாதம் தனி ரகம் என்றும், அதைக் கண்டுபிடிப்பதில்தான் அதிகம் தவறு நேர்கிறது என்றும் ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. எழுதியவர்களின் பெயர், ஊர் விவரங்களை வெளியிடவில்லை.

கேள்வி: பள்ளியில் முகுளம் என்று படித்திருக்கிறேன். நீங்கள் மூளைத்தண்டு என்று எழுதுகிறீர்கள். இரண்டும் ஒன்றுதானா? அவ்வளவு சிறிய உறுப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பதில்: முகுளம் என்பது மூளைத்தண்டின் ஒரு பகுதி மட்டுமே. பெருமூளையின் அடியிலிருந்து தண்டுவடம் தொடங்கும் இடம் வரை காம்பு போல இறங்கும் பகுதி முழுவதையும் மூளைத்தண்டு என்கிறோம். அதில் மேலே இருப்பது நடுமூளை. இடையில் முன்புறமாகப் புடைத்திருப்பது பான்ஸ். மண்டையோட்டின் அடித்துளையை நோக்கி ஒடுங்கிச் செல்வது முகுளம். சிறுமூளை இவற்றுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றையும் சேர்த்து அளந்தால் 7 அல்லது 8 செ.மீ. நீளம்தான் வரும். உங்கள் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள்; ஏறக்குறைய அந்தப் பருமன்.

சிறியதாக இருப்பதால்தான் அதற்கு அவ்வளவு முக்கியத்துவம். பெருமூளையிலிருந்து கைகால்களுக்கு இறங்கும் கட்டளைகளும், உடம்பிலிருந்து மேலே ஏறும் தொடுவுணர்வு, வலி, சூடு, குளிர்ச்சி போன்ற செய்திகளும் இந்தக் குறுகலான வழியாகத்தான் போய்வர வேண்டும். வேறு பாதை கிடையாது. அதோடு, 12 இணை மூளை நரம்புகளில் மோப்ப நரம்பும் பார்வை நரம்பும் தவிர மற்ற 10 இணைகளும் மூளைத்தண்டோடுதான் இணைந்திருக்கின்றன. கண்ணை மேலும் கீழும் அசைக்கும் நரம்புகளின் மையங்கள் நடுமூளையில் இருக்கின்றன. முகத்தின் உணர்வு, முகத்தசைகளின் அசைவு, கண்ணைப் பக்கவாட்டில் திருப்புதல், செவிப்புலன், உடலின் சமநிலை ஆகியவை பான்ஸையும் அதன் கீழ் விளிம்பையும் சார்ந்தவை. விழுங்குதல், குரல், நாக்கின் அசைவு ஆகியவை முகுளத்தைச் சார்ந்தவை. முகுளத்தின் கீழ்ப்பகுதியில்தான் கைகால்களுக்கான கட்டளை நரம்பிழைகளில் 85 முதல் 90 விழுக்காடு வரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவுகின்றன. வலது மூளையில் அடைப்பு ஏற்பட்டால் இடது கைகால் விழுவது இதனால்தான்.

இவை அனைத்துக்கும் நடுவே, மூளைத்தண்டின் உட்புறம் நெடுகிலும், வலை போலப் பின்னிய நரம்பணுக்கூட்டம் ஒன்று இருக்கிறது. மொருசி, மகூன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1949-இல், மயக்க நிலையில் இருந்த பூனைகளின் மூளைத்தண்டில் இந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டினார்கள். உடனே பெருமூளையின் மெதுவான உறக்க அலைகள் மறைந்து, விழித்திருக்கும் மூளைக்குரிய வேகமான அலைகள் தோன்றின. வெளியிலிருந்து ஒலியும் ஒளியும் வந்து விழுவதால்தான் மூளை விழித்திருக்கிறது என்று அதுவரை கருதப்பட்டது. விழிப்பை உள்ளிருந்தே ஏற்றிவைப்பது மூளைத்தண்டு என்று அதன் பிறகுதான் தெரியவந்தது. நாம் எதைச் சிந்திக்கிறோம் என்பது பெருமூளையின் வேலை. சிந்திக்கும் அளவுக்கு விழித்திருக்கிறோமா என்பது மூளைத்தண்டின் வேலை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் இரண்டு கேள்விகளுக்கு இதுதான் அடிப்படை.

கேள்வி: மூச்சை எவ்வளவு அடக்கினாலும் ஒரு கட்டத்தில் அது தானாகவே வந்துவிடுகிறது. உறங்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்துக்கொள்வது யார்?

பதில்: முகுளம். லெகல்வா என்ற பிரெஞ்சு மருத்துவர் முயல்களில் செய்த சோதனைகளின் மூலம், சுவாசம் முழுவதும் முகுளத்தின் ஒரு சிறு பகுதியைச் சார்ந்திருக்கிறது என்று 1812-இல் வெளியிட்ட நூலில் எழுதிவிட்டார். மூச்சின் தாளத்தை உருவாக்கும் நரம்பணுக்களின் சிறு தொகுதி முகுளத்தில் எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாகக் காட்ட 1991 வரை ஆயிற்று.

பலரும் நினைப்பதற்கு மாறாக, இந்த மையத்தை முதன்மையாகத் தூண்டுவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்சைடு. மூச்சை அடக்கும்போது ரத்தத்தில் அந்த வாயு சேர்கிறது. அதனால் மூளையைச் சூழ்ந்த திரவத்தின் அமிலத்தன்மை கூடுகிறது. முகுளத்தின் முன்பரப்பில் உள்ள உணரிகள் அதைக் கண்டுகொண்டு, உங்கள் மனவுறுதியைப் பொருட்படுத்தாமல் மூச்சை இழுக்கவைக்கின்றன. பிறவியிலேயே இந்த உணர்திறன் குன்றிப் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. விழித்திருக்கும்போது ஓரளவு சரியாக மூச்சுவிடும் அக்குழந்தைகளுக்கு, உறங்கியதும் மூச்சு மேலோட்டமாகிவிடும். ஒவ்வோர் இரவும் கருவியின் துணை வேண்டும். அதற்குக் காரணமான மரபணு 2003-இல் கண்டறியப்பட்டது. அபின் வகை வலிநீக்கிகளை அளவு மீறி எடுத்துக்கொண்டவர் இறப்பதும் பெரும்பாலும் இந்த மையம் அடங்கிப்போவதால்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, முகுளமும் மூச்சுத் தசைகளும் செயலிழந்த நோயாளிகள் ஒரே நேரத்தில் பெரும் எண்ணிக்கையில் வந்துசேர்ந்தார்கள். கருவிகள் போதவில்லை. மயக்கவியல் மருத்துவர் பியான் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தலாம் என்றார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் வாரக்கணக்கில், ஒவ்வொரு மூச்சாகக் கையால் கொடுத்தார்கள். செயலிழந்த முகுளத்தின் வேலையை மனிதக் கைகள் செய்தன. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அந்த வார்டில்தான் பிறந்தது.

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. திடீரென்று கடுமையான தலைசுற்றலும் வாந்தியும் வந்தன. சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விழுங்க முடியவில்லை, குரல் கரகரத்தது. முகத்தின் இடது பக்கத்திலும், கழுத்துக்குக் கீழே உடம்பின் வலது பக்கத்திலும் சூடு தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தபின் முகுளத்தில் பக்கவாதம் என்கிறார்கள். கைகால் இரண்டும் நன்றாக அசைகின்றனவே, இது எப்படிப் பக்கவாதம் ஆகும்?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரிகளை ஒரு நரம்பியல் மாணவரிடம் காட்டினால், ஸ்கேனைப் பார்க்காமலேயே இடத்தைச் சொல்லிவிடுவார். முகுளத்தின் இடது பக்கவாட்டு. வாலன்பர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895-இல் விவரித்த நோய்க்குறித்தொகுப்பு இது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

முகம் ஒரு பக்கம், உடம்பு மறுபக்கம் என்பதுதான் உங்களைக் குழப்புகிறது. அதுவே எங்களுக்கு வழிகாட்டி. கையிலும் காலிலும் இருந்து வலி, சூடு ஆகியவற்றைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் தண்டுவடத்துக்குள் நுழைந்த சிறிது தூரத்திலேயே மறுபக்கத்துக்குத் தாவிவிடுகின்றன. ஆகவே வலக்கையின் சூட்டுணர்வு இடது முகுளத்தின் வழியாகத்தான் மேலே போகும். முகத்திலிருந்து வரும் இழைகளோ பான்ஸில் நுழைந்து, அதே பக்கத்தில் முகுளம் வரை கீழே இறங்கி, அதன் பிறகுதான் தாவுகின்றன. இந்த இரண்டு கற்றைகளும் அருகருகே ஓடும் ஒரே இடம் முகுளத்தின் பக்கவாட்டு. அங்கே ஒரு பயற்றம் பருப்பளவு இடத்துக்கு ரத்தம் நின்றால், இடது முகமும் வலது உடம்பும் ஒன்றாக உணர்விழக்கின்றன. விழுங்கும் தசைகளையும் குரல்நாணையும் இயக்கும் மையமும், சமநிலைக்கான மையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. கைகால்களை அசைக்கும் கட்டளை இழைகள் மட்டும் முகுளத்தின் முன்புறத்தில், வேறொரு ரத்தக்குழாயின் பாசனத்தில் இருக்கின்றன. அவை தப்பியதால் கைகால் வலு குறையவில்லை. உங்கள் தந்தையின் இடது இமை சற்றுத் தொங்கி, இடது கண்மணி சிறுத்திருக்கிறதா என்று பாருங்கள். சிலருக்கு நிற்காத விக்கலும் வரும். இவையும் இந்நோயின் பகுதிகளே.

சி.டி. ஸ்கேனில் தெரியாமல் போனதில் வியப்பில்லை. மூளைத்தண்டு இருக்கும் பள்ளத்தைச் சுற்றிலும் தடித்த எலும்பு. அதன் நிழல் படத்தில் கோடுகோடாக விழுந்து சிறு அடைப்புகளை மறைத்துவிடும். முதல் நாளில் எடுத்த எம்.ஆர்.ஐ. கூடச் சில வேளைகளில் தவறவிடும். ஆகவே எந்தப் படத்தையும்விட அறிகுறிகளை மதிக்க வேண்டும். தலைசுற்றல் மிகப் பொதுவான தொல்லை. பெரும்பாலும் உட்காதில் ஏற்படும் கோளாறுதான் காரணம். ஆனால் தலைசுற்றலோடு இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்குவதில் தடை, முகத்தில் மரமரப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தாலோ, கைத்தாங்கல் இல்லாமல் உட்காரவோ நிற்கவோ முடியாவிட்டாலோ, அதைப் பக்கவாதம் என்று கருதி அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்தை வேகமாகத் திருகிச் சொடுக்கு எடுத்த பிறகு கழுத்துவலியோடு இவை தோன்றினால், கழுத்தெலும்பின் ஊடே மேலே செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கக்கூடும். அந்தத் தகவலை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் தந்தைக்கு இரண்டு விஷயங்கள் முக்கியம். விழுங்கும் திறனை முறையாகச் சோதிக்கும் வரை ஒரு மிடறு தண்ணீர்கூட வாய்வழி கொடுக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறுவதுதான் இந்நோயில் உயிருக்கு வரும் பெரிய ஆபத்து. அடுத்தது, இந்நோயாளிகளில் பலர் நன்றாகத் தேறி நடமாடுகிறார்கள், ஆனால் சூட்டுணர்வு முழுமையாகத் திரும்பாமல் போகலாம். ஆகையால் குளிக்கும் நீரை அவர் எப்போதும் இடக்கையால் தொட்டுப் பார்க்கட்டும். வலக்கையைக் கொதிநீரில் வைத்தாலும் அவருக்குத் தெரியாது.

கேள்வி: என் தாயாருக்கு ரத்தத்தில் சோடியம் 108-ஆகக் குறைந்துவிட்டது. அவசர நிலை என்று சொல்லிவிட்டு, அதை மூன்று நான்கு நாள் மெதுவாக ஏற்றினார்கள். ஒரே நாளில் சரிசெய்திருக்கக் கூடாதா?

பதில்: கூடாது. சோடியம் நாட்கணக்கில் குறைந்திருந்தால் மூளை அணுக்கள் அதற்கேற்பத் தம்மைப் பழக்கிக்கொண்டிருக்கும். அதைச் சட்டென்று உயர்த்தினால், பான்ஸின் நடுவே செல்லும் நரம்பிழைகளின் மேலுறை சிதைந்துபோகலாம். 1959-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்தப் பாதிப்பு, சோடியம் அளவு சரியாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைந்து சில நாட்கள் கழித்து, பேச்சுக் குழறலாகவும் கைகால் செயலிழப்பாகவும் தலைகாட்டும். அதனால்தான் 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் தாயாருக்குச் சிகிச்சை அளித்தவர்கள் சரியாகவே செய்தார்கள்.

கேள்வி: என் கணவருக்கு வயது 58. உறக்கத்தில் கத்துகிறார், கனவில் யாரோடோ சண்டை போடுவது போலக் கைகாலை வீசுகிறார். இதற்கும் மூளைத்தண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. கனவு காணும் உறக்கத்தின்போது பான்ஸில் உள்ள ஒரு மையம் உடம்பின் தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடும். அதனால்தான் கனவில் ஓடினாலும் நாம் படுக்கையில் அசையாமல் கிடக்கிறோம். அந்த மையம் பழுதுபட்டால் கனவு உடம்பில் அரங்கேறிவிடுகிறது. இப்படிப்பட்டவர்களில் கணிசமானோருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பார்கின்சன் நோயோ அதைச் சேர்ந்த வேறு நோயோ வருவது தெரியவந்திருக்கிறது. பார்கின்சன் நோயில் அழிவது நடுமூளையில் கருநிறப் பட்டையாகத் தெரியும் டோபமின் அணுக்கள். நோய் அங்கே ஏறும் முன்பே மூளைத்தண்டின் கீழ்ப்பகுதிகளைத் தொட்டுவிடுவதுண்டு. அஞ்ச வேண்டாம், ஆனால் நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். இன்றிரவே கட்டிலருகில் இருக்கும் கூர்மையான பொருட்களை அகற்றிவிடுங்கள்.

கேள்வி: விபத்தில் சிக்கிய என் மைத்துனருக்கு மூளைச்சாவு என்றார்கள். நெஞ்சு ஏறி இறங்கியது. உடம்பு சூடாக இருந்தது. ஒருமுறை விரல்கூட அசைந்தது. கோமாவில் இருந்து மீண்டவர்கள் இருக்கிறார்களே என்ற எண்ணம் இன்னும் எங்கள் வீட்டில் யாரையும் உறங்கவிடவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உடம்பு சூடாக இருக்கும்போது இறந்துவிட்டார் என்று கேட்பதைவிடக் கொடுமை வேறில்லை. ஆனால் கோமாவும் மூளைச்சாவும் வேறு வேறு. கோமாவில் இருப்பவரின் மூளைத்தண்டு ஓரளவேனும் உயிரோடிருக்கும். ஆகையால் மீள வாய்ப்பும் இருக்கும். மூளைச்சாவில் மூளைத்தண்டு முழுவதுமாகவும் நிரந்தரமாகவும் செயலிழந்துவிட்டது. தலையில் அடிபட்டு மூளை வீங்கும்போது, இறுகிய மண்டையோட்டுக்குள் இடமில்லாமல் அழுத்தம் கீழ்நோக்கி முகுளத்தை நசுக்கிவிடுகிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான்.

அதை எப்படி உறுதிசெய்கிறார்கள் என்பதை உங்களிடம் யாரும் விளக்கவில்லை என்று தோன்றுவதால் சொல்கிறேன். பாதிப்புக்கு என்ன காரணம் என்பது தெரிந்திருக்க வேண்டும். மயக்க மருந்தின் தாக்கமோ உடல் குளிர்ந்த நிலையோ இருக்கக் கூடாது. அதன் பிறகு மூளைத்தண்டை மேலிருந்து கீழாக ஒவ்வோர் அங்குலமாகக் கேட்பது போலச் சோதிப்பார்கள். கண்ணில் ஒளி பாய்ச்சும்போது கண்மணி சுருங்கினால் நடுமூளை உயிரோடிருக்கிறது. கருவிழியைப் பஞ்சு நுனியால் தொடும்போது இமை மூடினாலோ, காதுக்குள் பனிநீரைச் செலுத்தும்போது கண்கள் அசைந்தாலோ பான்ஸ் உயிரோடிருக்கிறது. மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயை இறக்கும்போது இருமல் வந்தால் முகுளம் உயிரோடிருக்கிறது. எதற்கும் பதில் இல்லையென்றால் கடைசியாக, ஆக்சிஜனைக் கொடுத்தபடியே வென்டிலேட்டரை நிறுத்திவைத்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 60 மி.மீ. பாதரச அளவைத் தாண்டும் வரை நெஞ்சைப் பார்த்தபடி காத்திருப்பார்கள். மேலே ஒரு பதிலில் சொன்ன அந்த உணரிகளில் உயிர் சிறிதேனும் மிச்சமிருந்தால், அந்த அளவில் ஒரு மூச்சாவது வந்தே தீரும்.

உங்கள் மைத்துனரின் நெஞ்சு ஏறி இறங்கியது வென்டிலேட்டரால். இதயத்துக்குத் தனக்கென்று ஒரு மின்தாளம் இருப்பதால், மூளையின் கட்டளை இல்லாமலும் அது சிறிது காலம் துடிக்கும். விரல் அசைந்தது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல். தண்டுவடம் மூளைத்தண்டுக்குக் கீழே இருப்பதால் அது தப்பியிருக்கலாம். விதிகளின்படி முறையாகச் சோதித்து மூளைச்சாவு என்று முடிவு செய்யப்பட்ட ஒருவர் நினைவு திரும்பி எழுந்ததில்லை. நீங்கள் யாரும் அவரைப் பாதியில் கைவிட்டுவிடவில்லை.

கேள்வி: என் தம்பிக்கு வயது 41. பான்ஸில் பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. கை, கால், வாய் எதுவும் அசையவில்லை. நினைவு இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் நான் அம்மாவைப் பற்றிப் பேசும்போது அவன் கண்களை மேலே உயர்த்துகிறான். என் ஆசையால் அப்படித் தோன்றுகிறது என்கிறார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்: சகோதரி, உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை, ஆகையால் உறுதி கூற இயலாது. ஆனால் நீங்கள் பார்த்ததை ஒதுக்கிவிட முடியாது. பான்ஸின் முன்பகுதி இரு பக்கமும் செயலிழந்தால், முகம், தொண்டை, கைகால் அனைத்துக்கும் போகும் கட்டளைகள் அறுபட்டுவிடும். கண்களைப் பக்கவாட்டில் திருப்பும் மையமும் பான்ஸில் இருப்பதால் அதுவும் போய்விடும். ஆனால் விழிப்பைத் தாங்கும் வலைப்பின்னல் பின்புறத்தில் இருப்பதால் தப்பிவிடலாம். கண்களை மேலும் கீழும் அசைக்கும் மையமும், மேல் இமையைத் தூக்கும் நரம்பும் அதற்கும் மேலே நடுமூளையில் இருக்கின்றன, அவையும் தப்பிவிடலாம். அந்நிலையில் இருப்பவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டும் உணர்ந்துகொண்டும் இருப்பார். அதைத் தெரிவிக்க அவருக்கு மிஞ்சியிருப்பது கண்ணின் மேல்கீழ் அசைவும் இமையும் மட்டுமே. பிளம், போஸ்னர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1966-இல் இதற்குப் ‘பூட்டப்பட்ட நிலை’ என்ற பொருளில் பெயர் சூட்டினார்கள். இதை முதலில் கண்டுகொண்டவர்கள் மருத்துவர்களாக இல்லாமல், பக்கத்தில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த குடும்பத்தினராக இருந்ததும் பலமுறை நடந்திருக்கிறது.

மருத்துவரை உடன் வைத்துக்கொண்டு இப்படிச் சோதியுங்கள். இமைப்பது தற்செயலாகவும் நடக்கும் என்பதால், “கண்ணை மேலே உயர்த்து” என்று கேளுங்கள். பிறகு “கீழே பார்” என்று கேளுங்கள். கட்டளைக்கும் அசைவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பத்து முறை எழுதிவையுங்கள். பொருந்தினால், ‘ஆம்’ என்பதற்கு மேலே, ‘இல்லை’ என்பதற்குக் கீழே என்று வைத்து, விடை தெரிந்த கேள்விகளைக் கேளுங்கள். “நான் உன் அக்காவா?”, “உனக்கு வயது அறுபதா?” என்று இரு வகையும் கலந்திருக்க வேண்டும். அவர் களைத்துப்போயிருக்கும் வேளையில் பதில் வராமல் போகலாம்; வேறொரு நேரத்தில் திரும்பக் கேளுங்கள். மூளை அலைப் பதிவு எடுத்துப் பார்க்கும்படியும் மருத்துவரிடம் வேண்டுங்கள்; விழித்திருக்கும் மூளையின் அலைகள் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். முடிவு தெரியும் வரை, அவர் கட்டிலருகே யாரும் அவரைப் பற்றி அவர் இல்லாதது போலப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பைத் திருப்புமுன், ஊசி போடுமுன், என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அவரிடமே சொல்லுங்கள்.

அவர் பதில் சொல்லத் தொடங்கிவிட்டால், அடுத்தது எழுத்து. 1995-இல் இதே நிலைக்கு ஆளான பிரெஞ்சுப் பத்திரிகையாசிரியர் ழான் டொமினிக் போபி, எழுத்துகளை ஒருவர் படித்துக்காட்ட, வேண்டிய எழுத்து வரும்போது இடது இமையை இமைத்து ஒரு நூலையே எழுதி முடித்தார். தமிழில் 247 எழுத்துகளையும் வரிசையாகப் படித்தால் நோயாளி சோர்ந்துவிடுவார். நம் இலக்கணமே இதற்கு வழி வைத்திருக்கிறது. முதலில் வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்று கேளுங்கள். அவர் கண் உயர்த்தியதும் அந்த இனத்தின் ஆறு மெய்களை மட்டும் சொல்லுங்கள். பிறகு 12 உயிர்களைச் சொல்லுங்கள். தனி உயிருக்கும் புள்ளிக்கும் மட்டும் இன்னும் இரண்டு கட்டங்களை அட்டையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இடையினம், வ, அ. இடையினம், ல, இ. ‘வலி’ என்று சொல்ல உங்கள் தம்பிக்கு ஆறு முறை கண்ணை உயர்த்தினால் போதும்.